கப் கேடெட் 104: பத்து வயதுப் பேத்தியோடு பிரித்துப் பூட்டிய பழைய தோட்ட டிராக்டர்

புல் வெட்ட மட்டும் ஒரு வண்டி வேண்டும் என்பவர் இதைப் படிக்கத் தேவையில்லை. அவர் புதிதாக எதையாவது வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். வீட்டில் கேள்வி கேட்டே பிராணனை வாங்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது, அதன் கையில் ஸ்பேனரைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று யோசிக்கிறவருக்குத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு இந்த 104-ஐ விடப் பொருத்தமான வண்டி என் கண்ணில் படவில்லை. ஏனென்றால் இதில் எதுவும் மூடி மறைத்து வைக்கப்படவில்லை. எந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் சுற்றிப் பார்க்கலாம்.

நான் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட வேலை பார்த்தது பத்து வயதுப் பேத்தி. வண்டி மகன் வாங்கிய வீட்டின் ஷெட்டில் கிடந்தது, வீட்டோடு சேர்ந்து வந்தது. உடம்பு முழுக்கச் சிவப்புப் பெயின்ட். ஸ்டிக்கர் இல்லை, பெயர் இல்லை, டயர்களில் காற்று இல்லை. இன்ஜின் மேல் இருக்க வேண்டிய அடையாளத் தகட்டையும் காணோம். யாரோ மேல்மூடியை மாற்றியபோது பழைய மூடியோடு அதுவும் போயிருக்க வேண்டும்.

தோட்ட டிராக்டர் வேறு, புல் வெட்டும் டிராக்டர் வேறு. பார்வைக்கு இரண்டும் ஒரே ஜாதி மாதிரிதான் தெரியும். புல் வெட்டும் வண்டியின் பின் அச்சு கனமான இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல. தோட்ட டிராக்டர் மண்ணில் கலப்பை போட்டு இழுக்கும், பனி தள்ளும், மண் கிளறும். அதற்காகவே பின்னால் வார்ப்பிரும்புக் கியர்பாக்ஸ் வைத்திருப்பார்கள். 104 ஏறத்தாழ 300 கிலோ எடை. அந்தக் கனத்தில் பெரும்பங்கு பின்னால்தான் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் போதாது, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் பிள்ளையைக் கிட்டே விட வேண்டும். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

வண்டி இன்னதென்று கண்டுபிடிப்பதற்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: போட்டோ எடுத்து யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றும் வராது. இந்த வேலையில் பாதி ருசி இங்கேதான் இருக்கிறது. பெயின்ட் அடிப்பதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறவர்கள் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

முதல் தடயம் வண்டிக்கு அடியில் இருந்தது. பேத்தி டார்ச்சோடு படுத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, பெல்ட்டே இல்ல, ஒரு கம்பிதான் பின்னாடி வரைக்கும் போகுது” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிக் கம்பெனிகள் அடிபட்டுப் போயின. 1960களில் வந்த வீல் ஹார்ஸ், ஜான் டீர் 110, சிம்ப்ளிசிட்டி எல்லாம் இன்ஜினிலிருந்து பின்பக்கத்துக்குச் சக்தியைப் பெல்ட் வழியாகத்தான் அனுப்பின. நேராக ஷாஃப்ட் போட்டு, நடுவில் உலர் கிளட்ச் வைத்து, லாரி மாதிரிக் கட்டியது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் கப் கேடெட். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் செய்த வண்டி. அதே கம்பெனியின் ஃபார்மால் கப் என்ற சின்ன வயல் டிராக்டரின் கியர்பாக்ஸை அடிப்படையாக வைத்துத்தான் இதன் பின்பாகத்தை அமைத்தார்கள். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாலே அது தெரியும்.

கப் கேடெட்டிலேயே முதலில் வந்த மாடலுக்கு, 1960 கடைசியிலிருந்து 1963 வரை வந்ததற்கு, நம்பர் கிடையாது. அதைப் பிற்பாடு எல்லோரும் ஒரிஜினல் என்றே அழைக்கிறார்கள். 7 குதிரைசக்தி. அதில் பெல்ட் உண்டு. ஆகவே இது அது இல்லை. 1963-ல் வந்த 70, 100 மாடல்களிலிருந்துதான் நேர் ஷாஃப்ட்.

அடுத்தது சிவப்பு நிறம். இங்கே பேத்தி நன்றாக வாதாடினாள். 1980களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் டீலர்கள் வழியாகச் சிவப்புக் கப் கேடெட்டுகள் விற்றன என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். உண்மைதான். 1981-ல் கப் கேடெட் எம்.டி.டி. கம்பெனிக்குக் கைமாறிய காலத்து வண்டிகள் அவை. ஆனால் 1971 இறுதியில் வந்த 108, 128 வரிசையிலிருந்தே வண்டியின் சட்டம், அதாவது ஃபிரேம், அகலமாகிவிட்டது. 1974-ல் வந்த ‘கொயட் லைன்’ வரிசையில் இன்ஜினை ரப்பர் மேல் உட்கார வைத்தார்கள். எங்கள் வண்டியில் சட்டம் குறுகல், இன்ஜின் ரப்பர் இல்லாமல் நேரடியாகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. சிவப்புப் பெயின்ட் அடித்தது தொழிற்சாலை அல்ல, சிவப்பு நிற ஃபார்மால் டிராக்டர்களின் பக்தர் யாரோ ஒருவர். சீட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மஞ்சளும் வெள்ளையும் அப்படியே இருந்தன. பேத்தி வாதத்தில் தோற்றாலும், தோற்கடித்த சாட்சி அவளே கண்டுபிடித்ததுதான்.

இனி நம்பர் விளையாட்டு. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல புதிர் கிடைக்காது. கொயட் லைனுக்கு முந்தைய கப் கேடெட் நம்பர்களில் முன்னால் இருப்பது குதிரைசக்தி, கடைசி எண் வரிசையையும் கியரையும் சொல்லும். 104 என்றால் 10 குதிரைசக்தி, 125 என்றால் 12, 147 என்றால் 14. கடைசி எண் இரட்டைப்படையானால் சாதாரணக் கியர், ஒற்றைப்படையானால் ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வகை. 104 கியர், 105 ஹைட்ரோ. 126 கியர், 127 ஹைட்ரோ. 7 குதிரைசக்தி மாடல்கள் மட்டும் இதற்கு அடங்காது. 71, 73 இரண்டும் ஒற்றைப்படை, ஆனால் கியர்தான், ஏனென்றால் அந்தச் சின்ன இன்ஜினுக்கு ஹைட்ரோவே கொடுக்கவில்லை. இந்த விதிவிலக்கைப் பேத்தி தானாகவே பட்டியலில் பிடித்தாள், எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

எங்கள் வண்டியில் இடது காலுக்குக் கிளட்ச் பெடல் இருக்கிறது, இரண்டு காலுக்கும் நடுவில் கியர் லிவர் இருக்கிறது. முன்னால் போக மூன்று கியர், பின்னால் போக ஒன்று. ஆக இரட்டைப்படை. மிச்சம் தெரிய வேண்டியது 10-ஆ 12-ஆ என்பது. தகடு இல்லாததால் இன்ஜினைத் திறந்து அளப்பதைத் தவிர வழி இல்லை.

இன்ஜின் கோலர் கம்பெனியின் கே வரிசை. வார்ப்பிரும்புப் பிளாக், ஒற்றை சிலிண்டர், வால்வு இரண்டும் பிளாக்கில் பக்கவாட்டில் நிற்கும் வகை. அதனால் ஹெட் என்பது துடுப்பு வைத்த ஒரு மூடி மட்டும்தான். போல்ட்டைக் கழற்றித் தூக்கினால் உள்ளே எல்லாம் தெரியும். பேத்தி வெர்னியர் காலிப்பரை வைத்து சிலிண்டர் வாயை அளந்தாள்: 82.5 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது மூன்றேகால் அங்குலம். 12 குதிரைசக்தி கே301-ஆக இருந்தால் 85.7 வந்திருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 2.875 அங்குலம். அவள் நோட்டில் கணக்குப் போட்டாள்: மூன்றேகாலை மூன்றேகாலால் பெருக்கி, அதை 0.7854-ஆல் பெருக்கி, பிறகு 2.875-ஆல் பெருக்கினால் 23.85 கன அங்குலம். நம் கணக்கில் 391 சிசி. கோலரின் பெயர் வைக்கும் முறையில் முதல் இரண்டு எண் ஏறத்தாழ கன அங்குலம், கடைசி எண் சிலிண்டர் எண்ணிக்கை. 24, ஒன்று. கே241.

“பேரு இன்ஜினுக்குள்ளேயே எழுதி இருக்கு” என்றாள்.

எல்லா இன்ஜினிலும் இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக வராது. 16 குதிரைசக்தி கே341 கிட்டத்தட்ட 36 கன அங்குலம். அவளிடம் அதை அப்போது சொல்லவில்லை, சந்தோஷத்தைக் கெடுப்பானேன். இன்னொன்று: இந்த வயது இன்ஜின்களில் சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார்கள். பத்து, இருபது, முப்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ) என்று ஏறும். அந்த வித்தியாசம் அளவில் வரும், குழம்ப வேண்டாம். இன்ஜின் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் இன்ஜினை மட்டும் வைத்து வண்டியின் பெயரை முடிவு செய்யக் கூடாது. சீட்டுக்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் சீரியல் நம்பர் தகடுதான் கடைசி வார்த்தை. சிவப்புப் பெயின்ட்டுக்கு அடியில் அது மேடாகத் தெரிந்தது. கரைப்பான் நனைத்த துணியை மேலே போட்டு, ஊற விட்டு, நான் துடைத்து எடுத்தேன். பட்டியலோடு ஒப்பிட்டால் 1967-லிருந்து 1969 வரைக்கும் வந்த 104-க்குள் உட்கார்ந்தது.

ஹெட்டைத் திறந்து வைத்தபடி ஃப்ளைவீலைக் கையால் சுற்றுவது, என் கருத்தில், இந்த வண்டி தரும் மிகப் பெரிய லாபம். உறிஞ்சுதல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாலு படம் போட்டிருப்பார்கள். இங்கே அது கண்முன்னால் நடக்கும். வால்வு ஏறும், இறங்கும், பிஸ்டன் தொடர்ந்து போகும். பேத்தி இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு முகத்தைச் சுளித்தாள். அமுக்கம் நடக்க வேண்டிய நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் மேலே எழும்பி மறுபடி உட்காருகிறதாம். “இது தப்பா இருக்கே, இப்ப மூடித்தானே இருக்கணும்?”

தப்பில்லை, வேண்டுமென்றே செய்தது. ஸ்டார்ட் பண்ணும்போது இவ்வளவு பெரிய ஒற்றை சிலிண்டரை முழு அமுக்கத்தோடு சுற்றுவது கடினம். அதனால் கேம் ஷாஃப்ட்டில் சின்ன எடைகள் வைத்து, மெதுவாகச் சுற்றும்வரை எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை திறந்து வைப்பார்கள். வேகம் வந்ததும் எடைகள் விரிந்து அந்தத் தடுப்பு விலகும், வால்வு ஒழுங்காக மூடும். வாங்குகிறவர்களுக்கும் இது முக்கியம். இந்த இன்ஜினில் சாதாரண முறையில் கம்ப்ரஷன் கேஜ் போட்டால் முள் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து இன்ஜின் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல வண்டியைக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. ஃப்ளைவீலைப் பின்பக்கமாகச் சட்டென்று சுற்றிப் பாருங்கள். கையை எதிர்த்துத் தள்ளினால் உயிர் இருக்கிறது.

கார்பனைச் சுரண்ட மரத்துண்டு போதும், இரும்பு வேண்டாம். புது ஹெட் கேஸ்கெட் தபாலில் வந்தபோது பேத்தி உடனே காலிப்பரை எடுத்துவிட்டாள். ஓட்டை பெரிதாக இருந்தது. அடுத்த அளவு இன்ஜினுக்கானதை அனுப்பியிருந்தார்கள். திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினோம். நான் என்றால் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை நம்பியிருப்பேன்.

இக்னிஷன் விஷயத்தில் 104 பரிசுத்தமான பழைய முறை: பேட்டரி, காயில், கண்டென்சர், பாயிண்ட். பாயிண்ட் என்பது கரன்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை. அது ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளாமல் பிளாக்குக்கு வெளியே சின்ன மூடிக்குள் இருக்கிறது. கேம் ஷாஃப்ட்டிலிருந்து வரும் ஒரு குட்டிக் கம்பி அதைத் தள்ளித் திறக்கும். பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.035. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி எடுக்கும்போது லேசாகப் பிடித்து வர வேண்டும் என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பத்து வயது விரலுக்கு அது சீக்கிரம் பழகியது. இதையெல்லாம் எலக்ட்ரானிக் இக்னிஷனாக மாற்றிக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. தினமும் ஓட்டுகிறவர் மாற்றட்டும். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க நினைப்பவர் மாற்றினால், பார்ப்பதற்கு இருந்த ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார் என்றுதான் சொல்வேன்.

பக்கவாட்டில் பெல்ட்டோடு தொங்கும் உருளைதான் எனக்கு மிகவும் பிடித்த சாமான். ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர். சாவியைத் திருப்பினால் அது மோட்டாராகி இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அதே உருளை, அதே பெல்ட், இப்போது டைனமோவாகி பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும். தனி ஸ்டார்ட்டர் இல்லை, பற்சக்கரம் இல்லை, அதனால் கரகரவென்ற சத்தமும் இல்லை. மோட்டாரும் டைனமோவும் ஒரே பொருள், எது எதைச் சுற்றுகிறது என்பதில்தான் வித்தியாசம் என்று மில்லில் பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு விளக்கித் தொண்டை காய்ந்தது எனக்குத்தான் தெரியும். பேத்தி வோல்ட் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் நிற்கும்போது ஒரு அளவு, ஓடும்போது அதைவிடக் கூடுதல் என்று பார்த்தாள். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

இதைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டினால் ஒரு வேலையை மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் இரும்பில் தங்கியிருக்கும் கொஞ்சம் காந்தசக்தியை வைத்துத்தான் அது கரன்ட் உண்டாக்கத் தொடங்கும். அந்தக் காந்தத்தின் திசை மாறியிருந்தால் சார்ஜும் தலைகீழாகும். ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் கண் சிமிட்டும் நேரம் தொட்டு எடுத்தால் திசை சரியாகிவிடும். சின்னப் பொறி வரும். பெட்ரோல் பக்கத்தில் இல்லாதபோது செய்ய வேண்டும்.

குறைகளும் உண்டு. அதில் முதலாவது கிளட்ச். ஷாஃப்ட்டோடு கோர்த்திருக்கும் டிஸ்க், ஸ்பிரிங், அவற்றைப் பிடித்திருக்கும் ஊசிகள் எல்லாம் வயதோடு தேயும். ஊசி தேய்ந்தால் ஓட்டை முட்டை வடிவமாகி, பெடல் விடும்போது வண்டி குதிக்கும். ஸ்பிரிங் பலமான அமுக்கத்தில் இருக்கிறது, அதைப் பிரிப்பது பெரியவர் வேலை, பிரஸ் இருப்பவர் வேலை. கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். காற்றடித்துத் தூசி தட்டக் கூடாது, ஈரத் துணிதான். இந்தப் பகுதி நடந்தபோது பேத்தி ஷெட்டுக்குள் வரவில்லை. கோபத்தோடுதான் வராமல் இருந்தாள்.

முன்னால் கிராங்க் ஷாஃப்ட்டில் இருக்கும் பி.டி.ஓ. கிளட்ச்சை, அதாவது புல் வெட்டும் டெக் போன்ற கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் கிளட்ச்சை, கழற்றும்போது செட் ஸ்க்ரூ ஒன்றை எடுத்துவிட்டு, இன்னும் வரவில்லையே என்று சுத்தியலைத் தேடாதீர்கள். ஒன்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கக்கூடும். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள்.

கியர்பாக்ஸில் ஹை-டிரான் என்ற இன்டர்நேஷனலின் சொந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்தால் தன்னோடு கலந்து வைத்துக்கொண்டு, அடியில் தனியாகத் தேங்கித் துரு பிடிக்க விடாமல் காப்பது அதன் குணம். வடித்த எண்ணெய் வெளுத்துக் கலங்கி வந்தால் பயப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்திருக்கிறது, மாற்றினால் போதும். இன்ஜினுக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில், இரண்டு குவார்ட், அதாவது இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

வெளியே இருக்கும் கிரீஸ் நிப்பிள் எல்லாம் பேத்தி கணக்கு. கிரீஸ் கன்னை வைத்து அழுத்தி, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை விடமாட்டாள். உதிரிபாகப் புத்தகத்தில் ஒவ்வொரு சாமானையும் பிரித்துப் பிரித்து வரைந்து நம்பர் போட்டிருக்கிறார்கள். பூட்டும்போது அந்தப் படத்தைப் படித்து அடுத்த சாமானை எடுத்து நீட்டியது அவள்தான். கோலர் இன்ஜினுக்குத் தனிப் புத்தகம், டி.பி.-2379. இரண்டும் இல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்கு அதில் ஆர்வம் குறைவு. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-ல். இந்த வண்டி அதற்குப் பத்து வருஷம் முந்தியது, அதுவும் இயந்திரப் பெயின்ட். ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர வைத்துத் தேய்ப்பது, கிரைண்டரில் வயர் பிரஷ் போடுவது எல்லாம் பிள்ளை இருக்கும் வீட்டில் கூடாது. நான் கெமிக்கல் போட்டு ஈரமாகவே எடுத்தேன், கழிவைத் தனியாகக் கட்டி வைத்தேன். சின்னச் சாமான்களின் துருவுக்கு சலவை சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜரை இணைத்து எடுக்கும் முறை நன்றாக வேலை செய்யும், பெயின்ட் இல்லாத சாமானாக இருந்தால் பிள்ளையும் பார்க்கலாம். ஆனால் எதிர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும், ஆகவே திறந்தவெளியில் மட்டும். புதுப் பெயின்ட் மஞ்சளும் வெள்ளையும்தான். சிவப்பே இருக்கட்டும் என்று மகன் சொன்னான். பேத்தி சம்மதிக்கவில்லை, சாட்சி மஞ்சள் என்று சொல்கிறதாம்.

சாமான் கிடைப்பதில் குறையில்லை. பாயிண்ட், சீல், ரிங், கிளட்ச் டிஸ்க் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். இந்த வண்டியின் ஆயுள் நீண்டதற்கு அது ஒரு காரணம். தகடும் முன்முகமும் நசுங்கியிருந்தால்தான் கஷ்டம், வண்டியை உடைத்து விற்கிறவர்களைத் தேடிப் போக வேண்டும். ஆகவே வாங்கும்போது இன்ஜின் ஓடுகிறதா என்பதைவிட முன்முகம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைச் சரி செய்யலாம்.

105 கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஓட்டுவதற்கு 105 சுகம், ஒரு லிவரை முன்னும் பின்னும் தள்ளினால் போதும். ஆனால் ஹைட்ரோ பம்ப் மூடிய பெட்டி. உள்ளே நடப்பது பிள்ளைக்குத் தெரியாது, திறந்தாலும் புரியாது, தூசி ஒன்று புகுந்தால் செலவு. கியர் வண்டியில் கியர்பாக்ஸைத் திறந்து, எந்தச் சக்கரம் எதோடு சேருகிறது என்று காட்டலாம்.

புல் வெட்டும் டெக் தனியாக வந்தது. அதை நான் பூட்டவில்லை. ஏறி ஓட்டும் புல்வெட்டியை 16 வயதுக்கு முன்னால் பிள்ளைகள் ஓட்டக் கூடாது, கையால் தள்ளிக்கொண்டு போவதையே 12 வயதுக்கு மேல்தான் கொடுக்கலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் அறிவுரை. மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது அதைவிட மோசம். இந்த வண்டியில் சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்சும் கிடையாது. எனவே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவது அவள், அதுவும் கியர் நியூட்ரலில், நான் பக்கத்தில் நின்றுகொண்டு. ஓட்டுவது நான். அவள் தள்ளி நின்று, எக்ஸாஸ்ட் புகை நீலமா கறுப்பா என்று சொல்ல வேண்டும். நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அப்போது கார்புரேட்டரின் பெரிய ஊசியைக் கொஞ்சம் உள்ளே திருக வேண்டும். இப்போதைக்குக் கறுப்புதான், லோடு ஏற்றினால் மட்டும். அந்த ஊசியைத் திருகுகிற உரிமை யாருக்கு என்பதில் எங்களுக்குள் தகராறு நடக்கிறது.